சொந்த சைட்ல பாட்டு ஓட விடறது: எம்பெட், லைசென்ஸ், ஃப்ரீ மியூசிக், எது யாருக்கு ஒத்து வரும்?

சொந்தமா ஒரு சைட் வச்சிருக்கீங்க, அதுல பிடிச்ச பாட்டு நாலு ஓடணும்னு ஆசை. டெக்னிக்கலா இது அஞ்சு நிமிஷ வேலை, எம்பி3 ஃபைலை அப்லோட் பண்ணி ஒரு ஆடியோ டேக் போட்டா முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் சந்தேகம் வரும். இது சட்டப்படி சரியா, யாராச்சும் நோட்டீஸ் விடுவாங்களா, காசு கட்டிட்டா சரியாயிடுமா, கட்டணும்னா யாருக்குக் கட்டறது? தேடிப் பாத்தா ஒருத்தர் "டவுன்லோட் பண்ண விடாம ஸ்ட்ரீம் மட்டும் பண்ணா பிரச்சனை இல்ல"ங்கறார், இன்னொருத்தர் "30 செகண்டுக்குள்ள இருந்தா ஓகே"ங்கறார், மூணாவது ஆள் "விளம்பரம் போடாத வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க"ங்கறார். மூணுமே தப்பு, ஆனா மூணையும் நம்பித்தான் நிறைய பேர் ஃபைலை ஏத்திட்டு உக்காந்திருக்காங்க.

வழி ஒண்ணு ரெண்டு இல்ல, ஏழு இருக்கு. அதுல ஒண்ணு சட்டவிரோதம், மத்த ஆறும் ஆளைப் பொறுத்து, தேவையைப் பொறுத்து மாறும்.

## ஒரு பாட்டுக்கு ரெண்டு ஓனர்

இதைப் புரிஞ்சுக்காம மேல போனா எல்லாமே குழப்பமாத்தான் இருக்கும். நாம ஒரு பாட்டுன்னு சொல்றதுக்குள்ள ரெண்டு காப்பிரைட் இருக்கு. ஒண்ணு வரியும் மெட்டும், இது பாடலாசிரியர், இசையமைப்பாளர், இல்ல அவங்க எழுதிக் குடுத்த மியூசிக் பப்ளிஷர் கையில இருக்கும். இன்னொண்ணு அந்த ரெக்கார்டிங், இது பெரும்பாலும் ஆடியோ கம்பெனி கையில. ஒருத்தர்கிட்ட மட்டும் பர்மிஷன் வாங்கினா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு.

அடுத்தது, "டவுன்லோட் பட்டனே இல்லையே"ங்கற வாதம். 1996ல உலக அறிவுசார் சொத்து அமைப்பு மூலமா ரெண்டு சர்வதேச ஒப்பந்தம் வந்துச்சு. பொதுமக்கள் அவங்கவங்க இடத்துலேர்ந்து, அவங்கவங்களுக்குத் தோணற நேரத்துல எடுத்துக்கற மாதிரி ஒரு படைப்பை வைக்கறதே தனி உரிமை, அது ஓனருக்குத்தான்னு அதுல இருக்கு. அதாவது ஃபைலை சர்வர்ல வச்சு பிளே பட்டன் குடுத்த அந்த நிமிஷமே அந்த உரிமையில கை வச்சாச்சு, கேக்கறவர் சேவ் பண்றாரா இல்லையாங்கறது அப்புறம்தான். 30 செகண்டுக்குள்ள இருந்தா சரின்னு சட்டத்துல பொதுவா ஒரு கணக்கு கிடையாது. விமர்சனம் பண்றதுக்காக ஒரு துண்டை எடுத்து வச்சு அதைப் பத்திப் பேசினா நிறைய நாட்டு சட்டம் இடம் குடுக்கும், அங்க பாக்கறது நோக்கத்தை, எடுத்த அளவு அதுல ஒரு அம்சம் மட்டும்தான். சும்மா பின்னாடி ஓட விடறதுக்கு அந்த சலுகை வராது.

"நான்தான் சிடி காசு குடுத்து வாங்கிட்டேனே"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு பழைய கேஸ் இருக்கு. 2000ல எம்பி3.காம்ங்கற அமெரிக்க கம்பெனி ஒரு சர்வீஸ் ஆரம்பிச்சுது. உங்ககிட்ட அந்த சிடி இருக்குன்னு கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினா, அவங்க சர்வர்ல ஏற்கனவே ஏத்தி வச்சிருக்கற காப்பியை உங்களுக்கு ஸ்ட்ரீம் பண்ணுவாங்க. கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. நியூயார்க் கோர்ட் ஒத்துக்கல. ஒரு சிடிக்கு 25,000 டாலர்னு நஷ்டஈடு போட்டுது, கடைசியில யுனிவர்சல் மியூசிக்குக்கு மட்டும் 53.4 மில்லியன் டாலர் குடுத்து முடிச்சுக்கிட்டாங்க. சிடி வாங்கினா அந்தத் தட்டு உங்களுது, அதுல இருக்கறதை ஊருக்கு ஒலிபரப்பற உரிமை அந்த விலையில வரல.

## எதை வச்சு முடிவு பண்றது

எல்லாத்தையும் விட பெரிய கேள்வி இதுதான்: அந்தப் பாட்டேதான் வேணுமா, இல்ல ஒரு பாட்டு இருந்தா போதுமா? இதுக்கு நேர்மையா பதில் சொல்லிட்டாலே பாதி வழி அடைபட்டுடும், மீதி தெளிவாயிடும். நிறைய பேரு பக்கத்துக்கு ஒரு மூட் வேணும்னு ஆரம்பிச்சு, பிரபலமான பாட்டை எடுத்து வச்சிட்டு, அப்புறம் லைசென்ஸ் தேடி அலையறாங்க. அவங்களுக்கு அந்தப் பாட்டு தேவையே இல்ல.

மத்த கேள்வி எல்லாம் அதுக்கு அடுத்தது:

- கேக்கறவர் பாட்டைத் தேர்ந்தெடுத்து கேக்கறாரா, இல்ல ரேடியோ மாதிரி நீங்க ஓட்டறதை கேக்கறாரா? லைசென்ஸ் உலகத்துல இந்த ரெண்டும் வேற வேற.
- சத்தம் யாரு சர்வர்லேர்ந்து வருது?
- கேக்கறவங்க எந்தெந்த நாட்டுல இருக்காங்க? காப்பிரைட் நாட்டுக்கு நாடு தனி.
- வருஷா வருஷம் காசும் கணக்கு வழக்கும் பாக்க உங்களால முடியுமா?
- பாட்டு அந்தப் பக்கத்துல எத்தன வருஷம் இருக்கணும்?

அவசரத்துல இருக்கறவங்களுக்கு டேபிள் இங்கயே:

| வழி | பிரபல பாட்டு கிடைக்குமா | நேரடிச் செலவு | கண்ணுக்குத் தெரியாத செலவு | ரிஸ்க் |
|---|---|---|---|---|
| ஃபைலை நேரா ஏத்தறது | கிடைக்கும் | ஹோஸ்டிங் | நோட்டீஸ், அக்கவுண்ட் முடக்கம், வழக்கு | ரொம்ப அதிகம் |
| எம்பெட் (யூட்யூப் மாதிரி வேற சைட்டோட பிளேயரை உங்க பக்கத்துல பதிக்கறது) | பெரும்பாலும் | இல்ல | குக்கீ, விளம்பரம், திடீர்னு காணாம போறது | குறைவு |
| வெப் ரேடியோ லைசென்ஸ் | கிடைக்கும், ஆனா கேக்கறவர் தேர்ந்தெடுக்க முடியாது | வருஷக் கட்டணம் | ரிப்போர்ட், நாட்டு எல்லை | ஒழுங்கா பண்ணா குறைவு |
| ஓனர்கிட்ட நேரா கேக்கறது | சின்ன ஆர்ட்டிஸ்ட்னா கிடைக்கும் | பேசறதைப் பொறுத்து | நேரம், பேப்பர் வேலை | குறைவு |
| கிரியேட்டிவ் காமன்ஸ் (படைச்சவரே எல்லாரும் உபயோகிக்கலாம்னு நிபந்தனையோட விட்டது), பப்ளிக் டொமைன் (காப்பிரைட் காலம் முடிஞ்சது) | கிடைக்காது | இல்ல | நிபந்தனை சரிபாக்கற வேலை | குறைவு |
| கட்டண மியூசிக் லைப்ரரி | கிடைக்காது | சந்தா | லைசென்ஸ்ல எதுக்கு இடம் இல்லன்னு படிக்கறது | குறைவு |
| பாஸ்வேர்ட் போட்ட சர்வர் | கிடைக்கும் | ஹோஸ்டிங் | பராமரிப்பு | உங்களோட நின்னா குறைவு |

## ஃபைலை நேரா ஏத்தறது

சட்டவிரோதம்னு சொல்லிட்டு விட்டுடலாம், ஆனா இதைத்தான் அதிகம் பேர் பண்றாங்க, அதனால விளைவு என்னன்னு தெரிஞ்சுக்கணும். வழக்கமா முதல்ல வர்றது வழக்கு இல்ல, உங்க ஹோஸ்டிங் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ். அவங்க உங்க பக்கம் நின்னு வாதாட மாட்டாங்க, பக்கத்தைத் தூக்கிடுவாங்க, திரும்பத் திரும்ப வந்தா அக்கவுண்ட்டையே மூடுவாங்க, ஏன்னா அமெரிக்காவோட 1998 டிஎம்சிஏங்கற டிஜிட்டல் காப்பிரைட் சட்டப்படி அப்படிப் பண்ணாதான் அவங்களுக்குப் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு மத்தவங்க ஏத்தின ஃபைலுக்கு இடம் குடுக்கற கம்பெனிக்கு. நீங்களே ஏத்தினதுக்கு நீங்க அதைக் காட்ட முடியாது.

வழக்குன்னு வந்துட்டா அமெரிக்காவுல பதிவு பண்ணின ஒரு படைப்புக்கு 750லேர்ந்து 30,000 டாலர் வரைக்கும், தெரிஞ்சே பண்ணதுன்னு நிரூபணமானா 1,50,000 வரைக்கும் கோர்ட் போடலாம். நஷ்டம் எவ்வளவுன்னு ஓனர் காட்டவே வேணாம். இந்தியக் காப்பிரைட் சட்டத்துல 63வது பிரிவுப்படி இது கிரிமினல் குற்றமாவும் ஆகலாம், 6 மாசத்துலேர்ந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000லேர்ந்து 2 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம்னு எழுதியிருக்கு. வியாபார லாபத்துக்காகப் பண்ணலன்னா தண்டனையைக் குறைக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு, அவ்வளவுதான், குற்றமே இல்லன்னு ஆகாது. சின்ன பர்சனல் சைட் மேல நேரா கேஸ் போடறது அபூர்வம்தான், அதுக்காக அதை ஒரு திட்டமா எடுத்துக்க முடியாது.

அப்புறம் சட்டத்தை விட்டுப் பாத்தாலும் இது மட்டமான வழி. 128 கேபிபிஎஸ்னா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, 4 நிமிஷப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டா 4 ஜிபி கிட்ட உங்க பேண்ட்வித்ல போகும். பக்கம் திறந்ததும் தானா பாடணும்னு நினைச்சா அதுவும் நடக்காது, 2018லேர்ந்து குரோம், யூஸர் எதையாச்சும் தொடாம சத்தத்தோட ஆட்டோபிளே பண்றதை பெரும்பாலும் தடுத்துடுது. நல்லவேளை.

## எம்பெட்

அந்தப் பாட்டேதான் வேணும், கேக்கறவர் கிளிக் பண்ணி கேக்கணும், காசு செலவு பண்ண முடியாது. இப்படின்னா பதில் கிட்டத்தட்ட எப்பவுமே எம்பெட்தான். யூட்யூப், ஸ்பாட்டிஃபை, சவுண்ட்கிளவுட், பேண்ட்கேம்ப் எல்லாமே பிளேயர் கோட் குடுக்கறாங்க, சத்தம் அவங்க சர்வர்லேர்ந்து வருது, ராயல்டி கணக்கு அவங்களுக்கும் ஓனருக்கும் நடுவுல.

சட்டம் இதை எப்படிப் பாக்குதுன்னா, ஐரோப்பிய கோர்ட் 2014ல ஸ்வென்சன் வழக்குல சொன்னது: ஓனரே எல்லாருக்கும் திறந்து வச்சிருக்கறதுக்கு லிங்க் குடுத்தா அது புது மக்கள்கிட்ட கொண்டு போறதா ஆகாது. அதே வருஷம் எம்பெட் மாதிரி ஃபிரேம் பண்றதுக்கும் அதையே சொன்னாங்க. ஆனா 2018ல ஒரு போட்டோ வழக்கு வந்துச்சு. இன்டர்நெட்ல எல்லாரும் பாக்கற மாதிரி இருந்த ஒரு போட்டோவை ஒரு ஸ்கூல் மாணவி எடுத்து தன்னோட புராஜெக்ட்ல வச்சு, அது ஸ்கூல் சைட்ல ஏறிடுச்சு. லிங்க் வேற, காப்பி எடுத்து உன் சர்வர்ல வைக்கறது வேற, இதுக்குப் பர்மிஷன் வேணும்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஸ்கூல் புராஜெக்டுக்கே இதுதான் பதில்னா "நான் சும்மா ஹாபிக்கு வச்சிருக்கேன்"ங்கறது எங்க நிக்கும்?

அமெரிக்காவுல 2007லேர்ந்து ஒன்பதாவது சர்க்யூட்ங்கற மேல்முறையீட்டு கோர்ட், ஃபைல் யாரு சர்வர்ல இருக்கோ அவங்கதான் பொறுப்புன்னு ஒரு அளவுகோல் வச்சிருக்கு, 2023லயும் அதை உறுதி பண்ணுச்சு. நியூயார்க்ல ஒரு கோர்ட் 2018ல அதை ஏத்துக்க மாட்டேன்னு சொன்னதும் உண்டு. அதனால நூறு சதவீதம் இரும்புக் கவசம்னு சொல்ல மாட்டேன், ஆனா அதிகாரபூர்வ சேனல்லேர்ந்து, அவங்க குடுத்த பிளேயர்ல, அவங்க ரூல் மீறாம எம்பெட் பண்ற ஆளுக்கு நடைமுறையில ஆபத்து ரொம்பக் கம்மி.

"அதிகாரபூர்வ சேனல்"ங்கறதை சும்மா சொல்லல. யாரோ திருட்டுத்தனமா ஏத்தின வீடியோவை எம்பெட் பண்ணா கதை மாறும். 2016 ஜிஎஸ் மீடியா வழக்குல, லாப நோக்கத்தோட லிங்க் குடுக்கறவர் அது சட்டவிரோதமா ஏத்தினதுன்னு தெரிஞ்சே குடுத்ததாத்தான் எடுத்துக்கணும், இல்லன்னு அவர்தான் நிரூபிக்கணும்னு ஐரோப்பிய கோர்ட் சொல்லியிருக்கு. உங்க சைட்ல விளம்பரம் ஓடுதுன்னா இதை ரெண்டு தடவை படிங்க.

மறைமுக செலவு எங்கன்னா:

வீடியோவை மறைச்சு வச்சு சத்தம் மட்டும் வர்ற மாதிரி பண்றது நிறைய பேர் பண்ற தந்திரம், யூட்யூப் விதி அதை நேராவே தடுக்குது. பிளேயர் குறைஞ்சது 200க்கு 200 பிக்சல் இருக்கணும், ஆடியோவைத் தனியாப் பிரிக்கக்கூடாது. அப்போ பேக்ரவுண்ட் மியூசிக்குக்கு எம்பெட் ஒத்து வராது. ஸ்பாட்டிஃபை பிளேயர்ல லாகின் பண்ணாத ஆளுக்கு 30 செகண்ட் துண்டுதான் கேக்கும் (30 செகண்ட் கட்டுக்கதை இங்கேர்ந்துகூட பரவியிருக்கலாம், யார் கண்டா). ஓனர் வீடியோவை எடுத்துட்டாலோ நாட்டு வாரியா பூட்டிட்டாலோ உங்க பக்கத்துல ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் நிக்கும். அப்புறம் குக்கீ: பிளேயர் லோட் ஆனாலே உங்க வாசகர் பத்தின தகவல் அந்தக் கம்பெனிக்குப் போகுது, 2019ல ஃபேஷன் ஐடி வழக்குல ஃபேஸ்புக் லைக் பட்டன் வச்ச சைட் ஓனருக்கும் அந்தத் தகவல் சேகரிப்புல கூட்டுப் பொறுப்பு உண்டுன்னு ஐரோப்பிய கோர்ட் சொல்லிடுச்சு. ஐரோப்பிய வாசகர் இருந்தா கிளிக் பண்ணாதான் பிளேயர் லோட் ஆகற மாதிரி வைங்க, பக்கமும் வேகமா திறக்கும்.

## வெப் ரேடியோ லைசென்ஸ்

24 மணி நேரமும் நீங்க தொகுத்து ஓட்டற ஸ்டேஷன், கேக்கறவர் அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. இது உங்க ஆசைன்னா லைசென்ஸ் வழி இருக்கு. ஆனா இங்கதான் "ஒரு ஆபீசுக்குக் காசு கட்டினா போதும்"ங்கற நினைப்பு உடையும்.

அமெரிக்காவை எடுத்துக்கங்க, ஏன்னா அங்கதான் விதி ரொம்பத் தெளிவா இருக்கு. ரெக்கார்டிங்குக்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச்ங்கற அமைப்பு ராயல்டி வசூல் பண்ணுது. வரி மெட்டுக்கு ஆஸ்காப், பிஎம்ஐ, செசாக், ஜிஎம்ஆர்னு தனித்தனி அமைப்பு, எந்தப் பாட்டு எதுல இருக்குங்கறதைப் பொறுத்து எல்லாத்துக்கும் கட்ட வேண்டி வரும். வேடிக்கை என்னன்னா அந்த நாட்டுல சாதாரண ஏர்வேவ் ரேடியோ, ரெக்கார்டிங் ஓனருக்கு ஒண்ணும் கட்ட வேணாம், 1995ல டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மட்டும் அந்த உரிமையைக் குடுத்தாங்க, அதனால பெரிய எஃப்எம் கட்டாத காசை நாலு பேர் கேக்கற உங்க வெப் ரேடியோ கட்டணும்.

2021லேர்ந்து 2025 வரைக்கும் இருந்த கட்டணப்படி ஒரு சேனலுக்கு வருஷத்துக்குக் குறைஞ்சது 1,000 டாலர். ஒரு ஆள் ஒரு பாட்டைக் கேட்டா 2025ல 0.0025 டாலர், இது அந்த ஆயிரத்துலேர்ந்து கழியும். கணக்குப் போட்டா 4 லட்சம் தடவை. மணிக்கு 15 பாட்டுன்னு வச்சா, வருஷம் முழுக்க ராத்திரி பகலா சராசரி 3 பேர் கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் அந்த ஆயிரம் தீரும். சின்ன ஸ்டேஷனுக்கு ஒரு பாட்டுக்கான ரேட் பயமே இல்ல, அந்த மினிமம்தான் இடிக்கும். "நான் லாபத்துக்கு நடத்தல, எனக்கு நான்-கமர்ஷியல் ரேட் குடுங்க"ன்னும் கேக்க முடியாது, அந்த சட்டத்துல நான்-கமர்ஷியல்னா வரி விலக்கு பெற்ற அமைப்பு இல்லன்னா அரசு அமைப்பு. விளம்பரம் போடாத தனி ஆள் அதுல வர மாட்டார்.

காசு கட்டினாலும் இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது. எந்த 3 மணி நேரத்தை எடுத்தாலும் ஒரே ஆல்பத்துலேர்ந்து 3 பாட்டுக்கு மேல போகக்கூடாது, அதுலயும் தொடர்ந்தாப்பல 2 தான். ஒரே ஆர்ட்டிஸ்டோடது 4, தொடர்ந்தாப்பல 3. அடுத்து என்ன பாட்டு வரப்போகுதுன்னு முன்கூட்டி லிஸ்ட் வெளியிடக்கூடாது. ஒரே இசையமைப்பாளருக்குன்னு ஒரு ரசிகர் ஸ்டேஷன் வைக்கலாம்னு நினைக்கறவங்க ஆர்ட்டிஸ்ட் விதியை முதல்ல பாருங்க, நிகழ்ச்சி வடிவமே அங்க உடையலாம்.

அப்புறம் நாட்டு எல்லை. அந்த லைசென்ஸ் அமெரிக்காவுல கேக்கறவங்களுக்கு மட்டும். பிரிட்டன்ல பிஆர்எஸ், பிபிஎல்னு ரெண்டு அமைப்பு, ஒவ்வொரு நாட்டுலயும் இப்படித் தனி. 2021ல ட்யூன்இன் வழக்குல, வெளிநாட்டு இன்டர்நெட் ரேடியோவை பிரிட்டன் ஆட்களுக்குக் கொண்டு வந்து குடுத்தது அங்க மீறல்தான்னு அப்பீல் கோர்ட் சொன்னது, ட்யூன்இன் வெறும் லிங்க் தர்ற சர்வீஸ்னு வாதாடியும் எடுபடல. இந்தியக் காப்பிரைட் சட்டத்துல 2012ல கொண்டு வந்த 31டி பிரிவு ரேடியோ, டிவி ஒலிபரப்புக்கு சட்டப்பூர்வ லைசென்ஸ் (ஓனர் சம்மதம் கேக்காம, நிர்ணயிச்ச ராயல்டி கட்டி ஓட்டறது) குடுக்குது, அது இன்டர்நெட் ஸ்ட்ரீமிங்குக்குப் பொருந்துமான்னு டிப்ஸ்ங்கற ஆடியோ கம்பெனிக்கும் விங்க்ங்கற மியூசிக் ஆப்புக்கும் நடுவுல வழக்கு நடந்துச்சு. பொருந்தாதுன்னு பாம்பே ஹைகோர்ட் 2019ல சொல்லி, 2022ல டிவிஷன் பெஞ்ச்சும் அதையே சொன்னது. அங்க ஒவ்வொரு ஆடியோ கம்பெனியோடயும் நேரா பேசித்தான் ஆகணும், தனி ஆளுக்கு அது ஏறக்குறைய மூடின கதவு.

லைசென்ஸையும் சேத்துக் குடுக்கற ஸ்டேஷன் ஹோஸ்டிங் சர்வீஸ் இருக்கு, லைவ்365 அதுல ஒண்ணு. மாசக் கட்டணம் கட்டினா அவங்க ரிப்போர்ட் பண்ணுவாங்க, லைசென்ஸ் இல்லாத நாட்டை அவங்களே பூட்டுவாங்க. நிஜமாவே ரேடியோ நடத்தணும்னு இருக்கற ஒருத்தருக்கு நான் சொல்றது இந்த வழிதான், நேரா போய் நாலு அமைப்போட மல்லுக்கட்ட வேணாம். ஆனா அடுத்தவர் தோள்ல ஏறிப் போறோம்ங்கறது ஞாபகம் இருக்கட்டும்: சின்ன வெப்காஸ்டர்களுக்கான சலுகை ரேட் 2015 கடைசியில முடிஞ்சதும் இதே லைவ்365 2016 ஜனவரியில மூடிட்டாங்க, அதை நம்பி இருந்த சின்ன ஸ்டேஷன் எல்லாம் ஒரே நாள்ல நடுத்தெருவுல. 2017லதான் வேற ஓனர் கையில திரும்ப வந்துச்சு.

## ஓனர்கிட்டயே கேக்கறது

பெரிய கம்பெனிக்கு மெயில் அனுப்பினா பதிலே வராமப் போக வாய்ப்பு அதிகம். தானே எழுதி, தானே பாடி, தானே வெளியிடற சின்ன ஆர்ட்டிஸ்ட்னா நிலைமையே வேற, ரெண்டு காப்பிரைட்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கும், நிறைய பேர் சந்தோஷமா சரின்னுடுவாங்க. நாலு பேர் சேந்த பேண்டுனா வரி யாரோடது, ரெக்கார்டிங் யாரோடதுன்னு கேட்டுக்கங்க.

வாய் வார்த்தை வேணாம். எந்தப் பாட்டு, எந்தப் பக்கம், ஸ்ட்ரீம் மட்டுமா டவுன்லோடுமா, எத்தன நாள், உலகம் முழுக்கவா, காசு உண்டா, இதெல்லாம் ஒரு மெயில்ல எழுதி "சம்மதம்"னு பதில் வாங்கிட்டாலே பெரிய பலம். இன்னொரு கேள்வி கட்டாயம் கேளுங்க: நீங்க ஏதாச்சும் ராயல்டி வசூல் அமைப்புல மெம்பரா? ஏன்னா சில நாட்டுல மெம்பரா சேரும்போதே அந்த உரிமையை அமைப்புக்கு எழுதிக் குடுத்துடுவாங்க, அப்புறம் அவரே சரின்னாலும் அமைப்பு பில் அனுப்பலாம்.

இந்த அமைப்பு எல்லாம் எப்படி ஆரம்பிச்சுதுங்கறதே நல்ல கதை. 1847ல பாரிஸ்ல ஒரு இசைக் கஃபேயில எர்னஸ்ட் பூர்ஜேங்கற பாடலாசிரியர் சர்க்கரைத் தண்ணி குடிச்சிட்டு, என் பாட்டை நீ சும்மா ஓட்டறே, உன் தண்ணிக்கு நான் ஏன் காசு தரணும்னு எழுந்து போயிட்டாராம். கேஸ் ஆகி அவர்தான் ஜெயிச்சார், 1851ல சாசெம்ங்கற ராயல்டி வசூல் அமைப்பு வந்துச்சு. உங்க சைட்ல ஓடற பாட்டோட ஓனர் கேக்கறதும் அதே கேள்விதான்.

## கிரியேட்டிவ் காமன்ஸ், பப்ளிக் டொமைன்

"ஒரு பாட்டு இருந்தா போதும்"னு பதில் வந்தவங்க நேரா இங்க வாங்க. ஃபைலை உங்க சர்வர்லயே வைக்கலாம், பிளேயர் உங்க இஷ்டம், குக்கீ இல்ல, வருஷக் கட்டணம் இல்ல, யாரும் பாதியில பிடுங்க மாட்டாங்க. என்னைக் கேட்டா பர்சனல் சைட்டுக்கு இதைவிட நிம்மதியான வழி கிடையாது.

கிரியேட்டிவ் காமன்ஸ்ல லைசென்ஸ் பேர்ல வர்ற எழுத்துக் குறிதான் எல்லாம். பிஒய் மட்டும்னா பேர் போட்டு, லைசென்ஸ் லிங்க் குடுத்தா போதும். எஸ்ஏன்னா மாத்தி வெளியிடறதையும் அதே லைசென்ஸ்ல விடணும். என்டின்னா மாத்தக்கூடாது, வீடியோவோட சேத்து ஓட விடறதையே மாத்தினதாத்தான் அந்த லைசென்ஸ் எடுத்துக்கும், இது பல பேருக்குத் தெரியாது. என்சின்னா வணிக நோக்கம் கூடாது, விளம்பரம் ஓடற பர்சனல் சைட் அதுல எந்தப் பக்கம்னு சண்டை போட்டுக்கிட்டே இருக்கலாம், அதனால விளம்பரம் இருந்தா என்சி பக்கமே போகாதீங்க. சிசி0ன்னா எந்த நிபந்தனையும் இல்ல. ஒரு தடவை குடுத்த லைசென்ஸைத் திரும்ப எடுக்க முடியாதுங்கறது பெரிய நல்ல விஷயம், 4.0 பதிப்புல தப்பு தெரிஞ்சு 30 நாளைக்குள்ள சரி பண்ணா உரிமை தானா திரும்பி வந்துடும். ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ், சிசிமிக்ஸ்டர், ஜமெண்டோ மாதிரி இடங்கள்ல தேடலாம். ஏத்தினவர் நிஜமாவே ஓனர்தானான்னு ஒரு நிமிஷம் பாருங்க, பிரபல பாட்டு ஒண்ணு சிசி0ன்னு கிடைச்சா அது அதிர்ஷ்டம் இல்ல.

பப்ளிக் டொமைன்லதான் பழைய பாட்டு ரசிகர்கள் சறுக்கற இடம் இருக்கு. மேல சொன்ன ரெண்டு காப்பிரைட்டும் தனித்தனியா முடியணும். 200 வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன இசைமேதையோட இசை எல்லாருக்கும் சொந்தம், ஆனா அதை போன வருஷம் ஒரு ஆர்கெஸ்ட்ரா வாசிச்ச ரெக்கார்டிங் அவங்களோடது. அப்படிப்பட்ட இசையோட ஃப்ரீ ரெக்கார்டிங்குக்காகவே மியூஸ்ஓபன்னு ஒரு சைட் இருக்கு. இதுக்கு நேர் தலைகீழாவும் நடக்கும். இந்தியாவுல ரெக்கார்டிங்குக்கு வெளியான அடுத்த வருஷத்துலேர்ந்து 60 வருஷம், அதனால 1960ல வந்த ரெக்கார்டிங் 2020 கடைசியில முடிஞ்சிருக்கும். ஆனா வரிக்கும் மெட்டுக்கும் படைச்சவர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம், இசையமைப்பாளர் 1990ல இறந்திருந்தா 2050 முடியற வரைக்கும் மெட்டு பூட்டித்தான் இருக்கும். "60 வருஷம் ஆச்சு, ஃப்ரீ"ன்னு பழைய பாட்டை ஏத்தறவங்க பாதிக் கணக்குதான் போட்டிருக்காங்க. ஐரோப்பிய யூனியன்ல ரெக்கார்டிங்குக்கு 70 வருஷம். அமெரிக்காவுல 1923க்கு முந்தின ரெக்கார்டிங் எல்லாம் 2022 ஜனவரி 1ல ஒரே நாள்ல விடுதலையாச்சு, 2024லேர்ந்து வருஷத்துக்கு ஒரு வருஷமா வந்துக்கிட்டிருக்கு, 1925ல வெளியானது 2026 ஜனவரியில வந்துச்சு.

## கட்டண மியூசிக் லைப்ரரி

ராயல்டி-ஃப்ரீன்னா இலவசம்னு அர்த்தம் இல்ல, ஒரு தடவையோ சந்தாவாவோ கட்டினா ஒவ்வொரு தடவை ஓடறப்பவும் தனியாக் கட்ட வேணாம்னுதான் அர்த்தம். வீடியோ, பாட்காஸ்ட், அனிமேஷன் பண்றவங்களுக்கு இது அருமையான வழி. ஆனா பெரும்பாலான லைப்ரரியோட லைசென்ஸ், இசையை வேற ஒரு படைப்போட சேத்து உபயோகிக்கத்தான். பாட்டை மட்டும் தனியா ஜூக்பாக்ஸ் மாதிரி வச்சு கேக்க விடறதுக்கு அதுல இடம் இருக்காது. சைட்ல பிளேயர் வைக்கறதுதான் உங்க தேவைன்னா சந்தா கட்டறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைத் தேடிப் படிங்க, சந்தா நிறுத்தினா பழைய பக்கம் என்ன ஆகும்ங்கறதையும் சேத்து.

## பாஸ்வேர்ட் போட்ட சர்வர்

ஊருக்குக் கேக்க வைக்கற எண்ணமே இல்ல, நம்ம கலெக்‌ஷனை எங்க போனாலும் நாம கேக்கணும், அவ்வளவுதான்னா நேவிட்ரோம், ஜெல்லிஃபின் மாதிரி ஒரு மீடியா சர்வர் சாஃப்ட்வேரை சொந்த சர்வர்ல போட்டுக்கலாம். சொந்த உபயோகத்துக்குக் காப்பி எடுக்கறதுக்கு நிறைய நாட்டு சட்டத்துல ஏதோ ஒரு வகையில விலக்கு இருக்கு, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இல்ல. பிரிட்டன்ல 2014 அக்டோபர்ல அப்படி ஒரு விலக்கு கொண்டு வந்து 2015 ஜூலைல கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு, சிடியிலேர்ந்து போனுக்கு மாத்தறதே அங்க திரும்ப மீறல் ஆச்சு. அதுக்காக யாரும் வீட்டுக் கதவைத் தட்டல.

பாஸ்வேர்டை நண்பர்களுக்குக் குடுக்க ஆரம்பிக்கறப்பதான் இது வேற வழியா மாறும். ஒரே வீட்டுல இருக்கறவங்க வரைக்கும் பிரைவேட்னு வாதாடலாம், நாப்பது பேர் இருக்கற குரூப்ல பாஸ்வேர்டைப் போட்டுட்டு பிரைவேட்னா யாரும் நம்ப மாட்டாங்க. பாஸ்வேர்ட் இல்லாம லிங்க்கை மட்டும் ரகசியமா வச்சிருக்கறது மொத்தத்துல எடுபடாது, எங்கயாச்சும் ஒரு தடவை அந்த லிங்க் கசிஞ்சா தேடுபொறி வந்து எடுத்துக்கிட்டுப் போயிடும்.

## நோட்டீஸ் வந்தா

சட்டப்படி பண்ணாலும் வரும், ஏன்னா இதுல பாதியை மெஷின்தான் அனுப்புது. ஒரே ஓசை இருக்கற கிளாசிக்கல் துண்டையெல்லாம் அது கம்பெனி ரெக்கார்டிங்னு மாத்தி அடையாளம் காட்டும். அதனால ஃபைல் எடுத்த அன்னைக்கே லைசென்ஸ் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி, மூல லிங்க், ஆர்ட்டிஸ்ட் மெயில் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. டிஎம்சிஏ நோட்டீஸ்னா நீங்க எதிர் நோட்டீஸ் குடுக்கலாம், புகார் பண்ணவர் கோர்ட்டுக்குப் போகலன்னா 10லேர்ந்து 14 வேலை நாளுக்குள்ள ஹோஸ்டிங் கம்பெனி பக்கத்தைத் திரும்பப் போடும். எதிர் நோட்டீஸ்ல உங்க பேரு, விலாசம் எல்லாம் போகும், பொய் சொன்னா தண்டனை உண்டுன்னு உறுதிமொழியும் எழுதணும், அதனால கையில லைசென்ஸ் இல்லாம அதை அனுப்பாதீங்க. லைசென்ஸ் இல்லன்னா ஃபைலை அன்னைக்கே எடுத்துட்டு, எடுத்தாச்சுன்னு ஹோஸ்டிங் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுட்டு, அந்த இடத்துல எம்பெட் வைங்க.